வெள்ளம் – மூன்றாம் பிரதி

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் சாயங்காலம் பிரேமலதா ஒரு காரியம் செய்தாள். நல்ல காரியம் என்று நினைத்துத்தான் செய்தாள். அதிலிருந்து முளைத்ததைத்தான் சொல்லப் போகிறேன். காதைக் கொஞ்சம் என் பக்கம் திருப்பி வைத்துக்கொள்ளுங்கள், கண்ணுகளா.

தொண்ணூற்று ஐந்தாம் வருஷம். பாளையங்கோட்டை தெற்கு பஜாரில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் பெருமாள்ராஜ் அண்ணாச்சி டி.டி.பி. சென்டர் வைத்திருந்தார். கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி, புத்தகம் எல்லாம் அங்கே கம்ப்யூட்டரில் அடித்துப் பக்கம் கட்டிக் கொடுப்பார்கள். அடிக்கிறவள் பிரேமலதா. முறப்பநாட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிற பிள்ளை. டைப்பில் தமிழ், இங்கிலீஷ் இரண்டும் ஹையர் பாஸ்.

அவளிடம் ஒரு வழக்கம் உண்டு. திருத்தம் எத்தனை தடவை வந்தாலும் பழையதன் மேலேயே பதிய மாட்டாள். பெயருக்குப் பக்கத்தில் ஒரு நம்பரைக் கூட்டிப் புதுசாகப் பதிவாள். ஏனென்றால் நம் ஊர் ஆட்கள் அப்படி. தாய்மாமன் பெயரை எடு என்பார்கள், எடுத்த பிறகு வீட்டில் சண்டை வந்து, "முந்தி இருந்த மாதிரியே போட்டிருங்க" என்று மறுநாள் வந்து நிற்பார்கள். அதனால் ஒரு பத்திரிகைக்கு ஆறு பிரதி, ஒரு புத்தகத்துக்கு இருபது பிரதி என்று பெட்டிக்குள் சேர்ந்துகொண்டே போயிற்று. கடைசியில் இடமில்லை என்று மெஷின் மக்கர் பண்ண ஆரம்பித்தது.

"ஹார்ட் டிஸ்க்கு ரொம்பிப் போச்சு பிள்ள," என்றார் அண்ணாச்சி. "பூஜை முடிஞ்ச கையோட காலேஜ் மலர் வேலை வருது. இருநூறு பக்கம், பூரா போட்டோ. ஊர்ல அவனவன் மம்பட்டியக் கழுவுதான், தையல் மெசினுக்கு எண்ணெய் விடுதான். நாம பெட்டிய வெளிய தொடச்சா மட்டும் போதுமா? உள்ளயும் தொடச்சிரு."

அவள் உட்கார்ந்து துடைத்தாள். ஒவ்வொரு வேலையிலும் கடைசிப் பிரதியை மட்டும் வைத்துக்கொண்டு மீதியையெல்லாம் அழித்தாள். 'வெள்ளம்' என்று ஒரு புத்தகம் இருந்தது. இருபத்துமூன்று பிரதி. இருபத்துமூன்றை வைத்துக்கொண்டு இருபத்திரண்டையும் அழித்தாள். முடித்துப் பார்த்தால் டிஸ்க்கில் கால்வாசி இடம் காலி. வீடு பெருக்கிக் கோலம் போட்ட மாதிரி ஒரு நிம்மதி. அந்த நிம்மதியிலேயே, 'ஆயுத பூஜையை முன்னிட்டு விடுமுறை' என்று ஒரு நோட்டீஸ் அடித்து, பதிந்து, அச்செடுத்துக் கதவில் கட்டினாள். பிறகு மெஷினை அணைத்து, மானிட்டர் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்தாள்.

மறுநாள் பூஜை. பொரிகடலை, அவல், வாழைப்பழம் எல்லாம் கம்ப்யூட்டருக்கு முன்னால் படைத்தாயிற்று. பூஜையில் வைத்ததை அன்றைக்குத் தொடக்கூடாது. மூன்றாம் நாள் விஜயதசமி. காலண்டரில் ஏழரை முதல் எட்டரை வரை நல்ல நேரம். அதற்குள் மெஷினைப் போட்டு, ஒரு பிள்ளையார் சுழி அடித்து, காலேஜ் மலரின் முதல் பக்கத்தைத் தொடங்கிவிட வேண்டும் என்று அண்ணாச்சி குளித்து வெள்ளை வேட்டியில் வந்து நின்றார்.

ஏழரை அடிக்கிற நேரத்தில் மாடிப்படியில் மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது. நாகலக்ஷ்மி டீச்சர். 'வெள்ளம்' புத்தகம் அவருடையதுதான். ஆழ்வார்திருநகரியில் ஆற்றங்கரைத் தெருவில் தனியாக இருக்கிறவர், ரிட்டயர் ஆகி நாலு வருஷம். தொண்ணூற்று இரண்டு ஐப்பசி கடைசியில் தாமிரபரணி ஊருக்குள் வந்ததே, அதைப் பற்றித் தான் கண்டதை எழுதியிருந்தார். அவருக்குப் பின்னால் ஒரு ஆள் வந்தான். கறுத்து மெலிந்த முகம், பத்துப் பதினைந்து நாள் தாடி. அவன் உள்ளே வராமல் வாசல்படிக்கு வெளியிலேயே நின்றுகொண்டான்.

"வாங்க டீச்சர், நல்ல நேரத்துலதான் வந்திருக்கிய," என்று அண்ணாச்சி பொரித்தட்டை நீட்டினார். "ஏ, நீயும் உள்ள வா. பொரி எடுத்துக்கோ."

"வேண்டாம் அண்ணாச்சி. துட்டி வீடு, தீட்டு இன்னும் கழியல்ல," என்றான் அவன். "நல்ல நாளும் அதுவுமா நான் உள்ள வரக்கூடாது. இங்கனயே நிக்கேன்."

டீச்சர் பொரியைத் தொடவில்லை. நேரே பிரேமலதாவிடம் போனார்.

"பிரேமா, எனக்கு ஒரு உபகாரம் பண்ணணும். முதமுதல்ல அடிச்சுக் குடுத்தியே, செல்லக்கிளி சொன்னதெல்லாம் முழுசா இருக்குமே, அது வேணும். ஒம்போது பக்கம். அதை மட்டும் இப்போ அச்செடுத்துக் குடு."

பிரேமலதா சந்தனம் வைத்த பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள்.

செல்லக்கிளி யாரென்று அவளுக்குத் தெரியும். நடவுக்கும் அறுப்புக்கும் போகிற மனுஷி. டீச்சர் வீட்டில் நெல் அவித்துக் கொடுப்பவள். வெள்ளத்தன்று டீச்சரைக் கரைசேர்த்தவள் அவள்தான். அன்று நடந்ததை அவள் வாயால் சொல்லச் சொல்லி, ஒரு சொல் மாற்றாமல் டீச்சர் எழுதியிருந்தார். அதை அடிக்கும்போது பிரேமலதா இரண்டு இடத்தில் கையை எடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு புரூஃப் மெட்ராஸுக்குப் போகத் தொடங்கியது, டீச்சரின் அண்ணா வெங்கட்ரமணனுக்கு. ஒவ்வொரு தடவையும் சிவப்புப் பென்சிலோடு திரும்பி வந்தது. 'ஊரில் நம்மைப் பற்றி என்ன பேசுவார்கள்' என்று ஓரத்தில் எழுதியிருப்பார். ஒன்பது பக்கம் ஆறாயிற்று, இரண்டாயிற்று, ஒரு பத்தியாயிற்று. இருபத்துமூன்றாம் பிரதியில் செல்லக்கிளி இல்லை. 'அக்கம்பக்கத்தார் உதவினார்கள்' என்று இரண்டே சொல் இருந்தது.

"அவ போயிட்டாடி," என்றார் டீச்சர். "பதினஞ்சு நாளாச்சு. காமாலை. நாளைக்குப் பதினாறு. இவன் அவ பிள்ளை, இசக்கியப்பன்."

வாசலில் நின்றவன் குனிந்துகொண்டு சொன்னான். "படம் வச்சு மாலை போடணும்னு சொல்லுதாவ. அம்மைக்குப் படம் ஏது? ஒரு கல்யாண வீட்டுலகூட அவ போட்டோவுக்கு நின்னதில்ல. ரேசன் கார்டுல பேரு மட்டுந்தான் இருக்கு. டீச்சரம்மாட்ட என்னமோ சொல்லி எழுதி வாங்கியிருக்கான்னு ஒரு தடவ சொல்லியிருந்தா. படத்துக்குப் பதிலா அந்தத் தாள வச்சு மாலை போட்டு, யாரையாச்சும் வாசிக்கச் சொல்லலாம்னு நேத்துச் சாயங்காலம் போய்க் கேட்டேன்."

"நீங்க கையால எழுதுனது டீச்சர்?" என்று கேட்டாள் பிரேமலதா.

"எல்லாம் பரீட்சைத் தாளோட பின்பக்கத்துல எழுதினதுதானே. நீ அடிச்சுக் குடுத்தப்புறம் வெந்நீர் அடுப்புக்குப் போயிடுத்து. பழைய புரூஃபும்தான். உன் பெட்டியில இருக்கும்னு தைரியமா இருந்துட்டேன்."

அண்ணாச்சிக்கு இந்தப் பேச்சு முழுசாக ஏறவில்லை. கண் கடிகாரத்தில் இருந்தது. மெஷினைப் போட்டுவிட்டார். கறுப்புத் திரையில் வெள்ளைக் கோடு சிமிட்டிக்கொண்டு நின்றது. மூன்றே எழுத்து அடித்து எண்டரைத் தட்டினால் விண்டோஸ் வந்துவிடும். முதல் எழுத்துக்கு விரலை நீட்டினார்.

"அண்ணாச்சி, தொடாதிய!"

அந்த மாடியில் பிரேமலதா அப்படிக் கத்தியதே இல்லை. அண்ணாச்சி சூடு பட்டதுபோல் கையை இழுத்துக்கொண்டார்.

"என்ன பிள்ள, பல்லி விழுந்துட்டா?"

"பழசு எல்லாத்தையும் முந்தாநாள் அழிச்சிட்டேன் அண்ணாச்சி. நீங்க சொன்னியள்லா." சொல்லும்போதே அழுகை வந்தது. "ஆனா அழிச்சது அழிஞ்சே போகாதுன்னு கம்ப்யூட்டர் கோர்ஸ்ல ஒருநாள் சொன்னாவ. அரைகுறையாத்தான் ஞாபகம் இருக்கு. ஜெபசீலன் அண்ணன்ட்ட ஒரு வார்த்த கேட்டுருதேன். அதுவரைக்கும் ஒண்ணும் அடிக்காதிய."

"நல்ல நேரம் போகுது பிள்ள!"

"அண்ணாச்சி." வாசலில் இருந்து இசக்கியப்பன் ஒன்றும் கெஞ்சவில்லை. அந்த ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்டான். அண்ணாச்சி நாற்காலியை விட்டு எழுந்தார்.

ஜெபசீலன் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிறவன், வீடு சமாதானபுரத்தில். பிரேமலதா போன் சுற்றினாள். அவன் தூக்கக் கலக்கத்தில் எடுத்தான்.

"என்னம்மா பிரேமா, சரஸ்வதிக்கு வைரஸ் வந்துட்டா?"

அவள் சொன்னாள். அந்தப் பக்கம் கொட்டாவி பாதியில் நின்றது.

"நல்லாக் கேட்டுக்க. அழிச்சதுக்குப் பெறவு அதுல எதாச்சும் புதுசா பதிஞ்சியா?"

"நேத்துப் பூஜை. யாரும் தொடல்ல. இன்னைக்கு மெசினப் போட்டதோட சரி."

"தப்பிச்ச. விண்டோஸுக்குள்ள போகாத. போனா அதுவே தனக்குத் துண்டு போட்டு எடம் புடிச்சுக்கிடும். இந்தா பாரு, நீ அழிக்கச் சொன்னா மெசின் எதையும் அழிக்காது. சோம்பேறி அது. பேரோட முதல் எழுத்த மட்டும் எடுத்துட்டு, 'இந்த எடம் காலி'ன்னு எழுதி வச்சுக்கிடும். நம்ம நெல்லை எக்ஸ்பிரஸ்ல சார்ட்டுல பேர அடிச்சாச்சு, ஆளு இன்னும் சீட்டுலயே உக்காந்திருக்கான்னு வச்சுக்க. இன்னொருத்தன் ஏறி, 'ஏலே, எந்திரி'ன்னு சொல்லுத வரைக்கும் அவன் உக்காந்துதான் இருப்பான்."

"அப்போ இருக்குமா?"

"எவனும் ஏறலன்னா இருக்கும்."

பிரேமலதா போனைக் காதில் வைத்துக்கொண்டே கதவைப் பார்த்தாள். கயிற்றில் கட்டிய விடுமுறை நோட்டீஸ் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அழித்த பிறகு அவளே அடித்துப் பதிந்தது. ஒருவன் ஏறிவிட்டான்.

அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லத் தைரியம் வரவில்லை. ஜெபசீலன் சொன்ன கட்டளையை அடித்தாள். திரையில் ஒவ்வொரு வரியாக இறங்கத் தொடங்கியது.

அதைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். முந்தாநாள் அவள் ஒவ்வொன்றாகக் கொன்ற பெயர்கள். கல்யாணங்கள், கொடைகள், எப்போதோ முடிந்துபோன பூப்புனித நீராட்டு விழா. எல்லாம் தலையில்லாமல் வந்து நின்றன. முதல் எழுத்து இருந்த இடத்தில் ஒரு கேள்விக்குறி, மற்றபடி உடம்பு அப்படியே. கூட்டிப் பெருக்கிக் காலியாக வைத்திருக்கிறோம் என்று அவள் நினைத்த வீட்டுக்குள் இத்தனை பேர் மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருந்திருக்கிறார்கள். பிரேமலதா மானிட்டரின் குங்குமத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அண்ணாச்சிகூட இரண்டடி பின்னால் நகர்ந்தார்.

'வெள்ளம்' ஒன்றாம் பிரதி வந்தது. அதற்குக் கீழே இங்கிலீஷில் ஒரு வரி.

"என்னடி போட்டிருக்கு?" என்றார் டீச்சர்.

"மீட்க முடியாதுங்கு," என்றாள் பிரேமலதா. அதன் தலைமாட்டில் விடுமுறை நோட்டீஸ் ஏறி உட்கார்ந்திருந்தது. இப்போது சொல்லாமல் தீராது. சொல்லிவிட்டாள். டீச்சர் அவள் தோளில் கை வைத்தார், அவ்வளவுதான்.

'வெள்ளம்' இரண்டு. மெஷின் முதல் எழுத்தைக் கேட்டது. கொடுத்தாள். உயிர் வந்துவிட்டது என்றது. மூன்று. மறுபடியும் கேட்டது, கொடுத்தாள். அதற்குமேல் பேராசைப்படவில்லை. ஜெபசீலன் சொன்னபடி இரண்டையும் பிளாப்பியில் எடுத்துக்கொண்டு, அப்புறம்தான் விண்டோஸுக்குள் போனாள்.

இரண்டைத் திறந்தாள். திறக்க முடியாது என்று ஒரு கட்டம் வந்து நின்றது. பெயர் பிழைத்ததே தவிர உள்ளே பாதி போயிருந்தது.

மணி எட்டு. கீழே ஜவுளிக்கடை வாசலில் யாரோ தேங்காய் உடைத்தார்கள். பிரேமலதா மூன்றின் மேல் கையை வைத்துக்கொண்டு, அமுக்காமல் இருந்தாள். அமுக்காத வரைக்கும் அது இருக்கிறது.

"அமுக்கு கொழந்தே," என்றார் டீச்சர் மெதுவாக. "எதுவானாலும் பாத்துடலாம்."

அமுக்கினாள். மணற்கடிகாரம் வந்தது. பெட்டி உள்ளுக்குள் குறுகுறுவென்று அரைத்தது. திரை வெள்ளையாயிற்று. பிறகு மேலிருந்து கீழே, வரிவரியாக, கறுப்பாக, தமிழ்.

"இருக்கா?" வாசலிலிருந்து கேட்டான் இசக்கியப்பன்.

"இருக்காங்க," என்றாள் பிரேமலதா. அந்த மரியாதை தானாக வந்தது. யாரையாச்சும் வாசிக்கச் சொல்லலாம் என்றானே, அவனுக்குப் படிக்கத் தெரியாது. எனவே அவள் நாற்காலியைக் கதவுப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு, குரலை உயர்த்தி வாசித்தாள்.

"தண்ணி வந்துச்சுன்னு சொல்லுதாவ எல்லாரும். தண்ணி வரல்ல டீச்சரம்மா. ஆறு வந்துச்சு. தண்ணின்னா ஓடும், இது நடந்து வந்துச்சு. பெத்த வீட்டுக்கு வந்த மக மாதிரி, வாசல்ல நிக்கல்ல, கூப்பிடக் காத்திருக்கல்ல. நேரே அடுப்படிக்குப் போச்சு, பானையத் தொறந்து பாத்துச்சு, நெல்லுக் குலுக்கையத் தள்ளிப் பாத்துச்சு. நான் கயித்தக் கட்டிக்கிட்டு ஒங்க வாசலுக்கு வந்தேன். கழுத்து முட்டத் தண்ணி. நீங்க ஊஞ்சச் சங்கிலியப் புடிச்சிக்கிட்டு நின்னிய. கண்ணாடி இல்ல ஒங்களுக்கு, நான் யாருன்னே தெரியல்ல. கைய நீட்டப் போனேன். நீட்டல்ல. 'தொடாதட்டி'ன்னு சொல்லிருவியளோன்னு ஒரு நிமிசம் நின்னுட்டேன். அந்த ஒரு நிமிசந்தான் எனக்குப் பயம். தண்ணியில எனக்கு என்ன பயம்? பெறவு நீங்களே கைய நீட்டினிய. வெரலு அஞ்சும் வாழைத்தண்டு கணக்கா சில்லுன்னு இருந்துச்சு."

பிரேமலதா நிறுத்தினாள். இசக்கியப்பன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, தலையைச் சாய்த்து, பக்கத்து அறையில் யாரோ பேசுவதைக் கேட்கிறவன்போல நின்றான்.

"அம்மைதான்," என்றான். "'கணக்கா'ன்னு அவதான் சொல்லுவா. மூச்சு விடுத எடங்கூட அவளுக்கு உள்ளதுதான்."

மீதியையும் வாசித்தாள். கயிறு, மிதந்து போன கட்டில், அதன் மேல் அசையாமல் உட்கார்ந்திருந்த பாம்பும் கோழியும், செல்லக்கிளி வீடு இருக்கிற மேட்டுத்தெரு. எட்டாம் பக்கத்தின் கடைசியில், டீச்சர் தன் சொல்லிலேயே எழுதியதாக, 'மூன்று நாள் மேட்டுத்தெருவில் இருந்தோம். தண்ணீர் வடிந்தது' என்று வந்தது. அதோடு முடிந்தது.

"எட்டுப் பக்கந்தான் இருக்கு டீச்சர்," என்றாள் பிரேமலதா.

இசக்கியப்பன் வாசலிலிருந்து எட்டிப் பார்த்தான். பிறகு கேட்டான்.

"கஞ்சி குடிச்சது அதுல இல்லியா?"

டீச்சர் முந்தானையைச் சுருட்டத் தொடங்கினார்.

"குத்தமாச் சொல்லல்ல டீச்சரம்மா. அம்மை அதத்தான் சொல்லிச் சொல்லி மாஞ்சு போவா. தண்ணியில இழுத்துட்டு வந்தத ஒரு நாளும் பெருசாச் சொன்னதில்ல. 'நம்ம வீட்டுக் கஞ்சிய டீச்சரம்மா குடிச்சாவ, ரெண்டாந்தடவ கேட்டு வாங்கிக் குடிச்சாவ'ன்னு சாவுத வரைக்கும் சொல்லிக்கிட்டிருந்தா."

"அதையும் அந்த மெட்ராஸ்காரருதான் வெட்டியிருப்பாரு," என்றார் அண்ணாச்சி, சமாதானமாக.

"இல்லே," என்றார் நாகலக்ஷ்மி டீச்சர்.

குரல் சின்னதாக வந்தது. நாற்பது பிள்ளைகளை ஒரு பார்வையில் அடக்கிய மனுஷி. இப்போது யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை.

"அண்ணா கண்ணுல அது படவே இல்லை. மெட்ராஸுக்கு அனுப்பறதுக்கு முன்னாடி, முதல் புரூஃப்லேயே நான்தான் அந்தப் பக்கத்தை அடிச்சேன். மொதல் வெட்டு என்னோடது. அப்புறம் அவர் வெட்டறச்சே எந்த வாயால வேண்டாம்னு சொல்லுவேன்?"

பிரேமலதா ஒன்றை நினைத்தாள். அழித்த எதையும் இந்தப் பெட்டி திருப்பித் தந்துவிடும்போல இருக்கிறது. ஆனால் அந்த ஒரு பக்கம் ஒன்றாம் பிரதியோடு போயே போயிற்று. இனி அது இருக்கிற இடம் ஒன்றுதான். அது இதோ, பொரித்தட்டுக்குப் பக்கத்தில், முந்தானையைச் சுருட்டிக்கொண்டு நிற்கிறது.

டீச்சர் முந்தானையை விட்டார்.

"அடிச்சுக்கோ பிரேமா. நான் சொல்றேன்."

பிரேமலதா அண்ணாச்சியைப் பார்த்தாள். எட்டு இருபது. காலேஜ் மலரின் முதல் பக்கம் மேஜையில் மஞ்சள் தடவிக் காத்திருந்தது. அண்ணாச்சி அதை எடுத்து இழுப்பறைக்குள் வைத்தார்.

"நல்ல நேரம் இன்னும் பத்து நிமிசம் இருக்கு பிள்ள. பிள்ளையார் சுழி போட்டு இதையே முத வேலையா அடி." பிறகு வாசலைப் பார்த்து, "ஏலே, நீ உள்ள வா. துட்டியும் கிட்டியும். ஒங்க அம்மை உள்ள வந்தாச்சு, நீ மட்டும் என்ன வெளிய நிக்க? உக்காரு," என்றார்.

இசக்கியப்பன் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தான்.

டீச்சர் சொன்னார், பிரேமலதா அடித்தாள்.

"முதல் நாள் ராத்திரி நான் ஒன்றும் வேண்டாம் என்றேன். அவள் வற்புறுத்தவில்லை. காலையில் ஒரு மண்கலயத்தில் கஞ்சி கொண்டுவந்து எனக்கு எட்டுகிற தூரத்தில் வைத்துவிட்டு, திரும்பி உட்கார்ந்துகொண்டாள். நான் குடிப்பதைப் பார்த்தால் எனக்குக் கூச்சமாக இருக்கும் என்று நினைத்திருக்கிறாள். குடித்தேன். உப்பு அதிகம். 'செல்லக்கிளி, இன்னும் கொஞ்சம் இருக்கா?' என்று கேட்டேன். அவள் திரும்பினாள். அந்த முகத்தை நான் எழுதிப் பார்த்தேன், வரவில்லை."

"வரல்லன்னே போட்டுரட்டா டீச்சர்?"

"அப்படியே போடு."

பிளாப்பியில் பதிந்தாள். பிரிண்டர் ஒவ்வொரு தாளாக வெதுவெதுப்பாக வெளியே தள்ளியது. ஒன்பது தாள். இசக்கியப்பன் அவற்றை வேட்டி முனையால் துடைத்த கையில் வாங்கினான். எழுத்து அவனுக்குத் தெரியாது. ஆனாலும் முதல் தாளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அந்தக் கறுப்புச் சதுர பிளாப்பியைக் கண்ணால் காட்டினான்.

"அதுக்குள்ளயா இருந்தா?"

"இந்தப் பெட்டிக்குள்ள. ரெண்டு நாளா, பேருல ஒரு எழுத்து இல்லாம."

அவன் எழுந்துபோய், சந்தனம் காய்ந்திருந்த அந்தப் பெட்டியின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்தான். ஓடிக்கொண்டிருந்த மெஷின் இளஞ்சூடாக இருந்தது. கையை எடுக்க அவனுக்கு மனம் வரவில்லை.

"சுடுதே," என்றான்.